நிலையா நிலைகளின் கணிதம்: குறுவாழ்வு இலத்திரன் நிலைகள் பற்றிய ஆய்வின் வரலாறு

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் நிலைபேறுடைய பொருள்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மூலகங்களின் ஆவர்த்தன அட்டவணை, பளிங்குகளின் அமைப்பு, மூலக்கூறுகளின் வடிவம் என்பனவே அதில் முதன்மை பெறுகின்றன. 1925, 1926 ஆம் ஆண்டுகளில் உருப்பெற்ற குவாண்டம் பொறிமுறையும் ஐதரசன் அணுவின் நிலையான சக்தி மட்டங்களைச் சரிவரக் கணித்துக் காட்டியதன் மூலமே தனது தகுதியை நிலைநாட்டிக்கொண்டது. ஆயின், இயற்கையில் நிகழும் மாற்றங்களுட் பல, தோன்றிய கணத்திலேயே அழியத் தொடங்கும் நிலைகளின் வழியாகவே நடந்தேறுகின்றன. ஓர் அணுவையோ மூலக்கூறையோ வந்தடையும் இலத்திரன் அங்கு நிலையாகத் தங்குவதற்கு இடமில்லாதபோதும், சிறிது நேரம் சிக்குண்டிருந்து பின்னர் வெளியேறுவதுண்டு. அச்சிறு நேரம் ஒரு செக்கனின் கோடி கோடியில் ஒரு பங்கு அளவினதாக இருக்கலாம். ஆயினும் அந்நேரத்துள் மூலக்கூறின் பிணைப்பு ஒன்று அறுந்துவிடக் கூடும்.

பௌதிகவியலார் இத்தகைய நிலைகளைப் பரிவு நிலைகள் என வழங்குவர். இவற்றைக் கணித்தறியும் முறைகள் எவ்வாறு தோன்றின என்பதையும், அடிப்படை எண்ணக்கரு 1928 இலேயே கிடைத்திருந்தும் அது செயல்முறையாக மாற ஏன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்தது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணனியின் ஆற்றல் பெருகியதனாலேயே இத்துறை வளர்ந்தது என்பது பொதுவாக நிலவும் கருத்து. வரலாற்றை உற்றுநோக்குமிடத்து அக்கருத்து அரைகுறையானதே என்பது புலனாகும்.

சிக்கலெண்ணின் வருகை

நிலையா நிலை பற்றிய கணித விளக்கம் இலத்திரன்களிலிருந்தன்றி, அணுக்கருவிலிருந்தே தொடங்கியது. கதிர்த்தொழிற்பாடுடைய மூலகங்கள் அல்பாத் துணிக்கைகளை வெளிவிடுகின்றன. தோரியம் 232 இன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். அதன் வழித்தோன்றல்களுள் ஒன்றான பொலோனியம் 212 இன் அரைவாழ்வுக்காலமோ ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவு. இவ்விரு காலங்களுக்கும் இடையிலுள்ள விகிதத்தை எழுத 1 இன் பின் 24 சுழியங்கள் வேண்டும். அவை வெளிவிடும் துணிக்கைகளின் சக்தியோ முறையே ஏறத்தாழ 4 மில்லியன், 9 மில்லியன் இலத்திரன்வோல்ற்று. அதாவது இரு மடங்குக்குச் சற்று மேற்பட்ட வேறுபாடே.

தோரியத்தின் வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. கலைவரலாற்றாளராகப் பின்னர் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாயிருந்த காலத்திலேயே, 1904 இல், தோரியனைற்று என்னும் கனிப்பொருள் சப்பிரகமுவப் பகுதியிலிருந்து அறியப்பட்டது. இலண்டனில் றம்சேயின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ஒட்டோ ஹான் 1905 இல் இவ்விலங்கைக் கனிப்பொருளிலிருந்தே கதிர்த்தோரியத்தைப் பிரித்தறிந்தார். தோரியம் 232 இலிருந்து பொலோனியம் 212 இற்குச் செல்லும் சிதைவுத் தொடரில் இடையே நிற்பது அக்கதிர்த்தோரியமே.

சிறிய சக்தி வேறுபாடு இத்துணைப் பெரிய கால வேறுபாட்டை விளைவிப்பது ஏன்? 1928 இல் லெனின்கிராட்டிலிருந்து கொற்றிங்கன் சென்றிருந்த 24 வயதினரான ஜோர்ஜ் காமோவும், அதே ஆண்டில் பிரின்ஸ்ரனில் கேர்ணி, கொண்டன் ஆகிய இருவரும் தனித்தனியே இதற்கு விடை கண்டனர். துணிக்கை தன்னைச் சூழ்ந்துள்ள சக்தித் தடையை ஏறிக் கடப்பதில்லை. அலை இயல்பினால் அதனை ஊடுருவிக் கசிகின்றது. இக்கசிவை எடுத்துரைக்கக் காமோவ் துணிகரமான ஓர் உபாயத்தைக் கையாண்டார். சக்தி என்னும் கணியத்தை ஒரு சிக்கலெண்ணாக அவர் எழுதினார். அதன் மெய்ப்பகுதி அந்நிலையின் சக்தியைக் குறிக்கும். கற்பனைப் பகுதி அந்நிலை அழியும் வேகத்தைக் குறிக்கும்.

இது குவாண்டம் பொறிமுறையின் அடிப்படை விதியொன்றுக்கு முரணானதாகத் தோன்றிற்று. அளந்தறியத்தக்க சக்தி மெய்யெண்ணாகவே அமைதல் வேண்டும் என்பது அவ்விதி. அத்துடன் காமோவின் அலைச்சார்பு வேறொரு குறையையும் உடையதாயிருந்தது. நிலையான நிலையின் அலைச்சார்பு மையத்தைவிட்டு விலக விலகத் தேய்ந்து மறையும். காமோவின் சார்போ வெளியே செல்லச் செல்லப் பெருகியது. இதனாற் கணிதவியலார் பலர் அதனை முறையான விடையாக ஏற்கத் தயங்கினர்.

உண்மையில் அப்பெருக்கம் பொருளற்றதன்று. ஓர் ஊரிலிருந்து மக்கள் ஆண்டுதோறும் ஒரே விகிதத்தில் வெளியேறி, ஒரே வேகத்தில் நடந்து செல்கின்றனர் எனக் கொள்வோம். ஊரை அண்மித்த வழியிற் காணப்படுவோர் அண்மையிற் புறப்பட்டவர்கள். அவர்கள் புறப்பட்டபோது ஊரிற் குடிகள் குறைவு. நெடுந்தொலைவிற் காணப்படுவோர் ஊர் நிறைந்திருந்த காலத்திற் புறப்பட்டவர்கள். ஆகவே ஊரைவிட்டு விலகிச் செல்லுந்தோறும் மிகுதியான மக்களையே சந்திக்க நேரும். காமோவின் சார்பு வெளியே பெருகுவதும் இதே காரணத்தாலாகும். அழிந்துகொண்டிருக்கும் நிலையின் கடந்த காலம், தொலைவாக அங்கே எழுதப்பட்டுள்ளது. 1939 இல் சீகேர்ட் கருத்தாக்கங்களின் ஆய்வில் இவ்வெளிச்செல்லும் அலையை ஒரு திட்டமான எல்லை நிபந்தனையாகவே வகுத்துரைத்தார். ஆயினும் எல்லையின்றிப் பெருகும் ஒரு சார்பை எவ்வாறு எண்களாற் கணிப்பது என்னும் வினா விடையின்றியே எஞ்சியது.

பரிசோதனையின் அழுத்தம்

இலத்திரன்களின் நிலையா நிலைகள் முதலிற் கவனத்தை ஈர்த்தது நிறமாலைகளின் மூலமாகும். சடத்துவ வாயுக்களின் உறிஞ்சல் நிறமாலையில் வழமைக்கு மாறான, சமச்சீரற்ற கோடுகளைப் பொய்ற்லர் கண்டார். ரோமில் பேர்மியின் குழுவைச் சேர்ந்த இளைஞரான உகோ பானோ 1935 இல் அவற்றுக்கு விளக்கமளித்தார். அணுவினுட் சிக்குண்டிருக்கும் நிலையும், இலத்திரன் வெளியேறிச் செல்லும் தொடர்நிலையும் ஒன்றோடொன்று கலந்து தலையீடு செய்வதனாலேயே கோடு கோணலாகின்றது என்பது அவரது முடிபு.

முசோலினி ஆட்சியின் இனவாதச் சட்டங்களைத் தொடர்ந்து, யூதரான பானோ 1939 இல் இத்தாலியை விட்டு வெளியேற நேர்ந்தது. 1946 இல் அவர் அமெரிக்கத் தேசிய நியமங்கள் நிலையத்திற் சேர்ந்தபோது அதன் பணிப்பாளராக இருந்தவர், 1928 இல் அல்பாச் சிதைவை விளக்கிய அதே கொண்டன். 1948 இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழுவொன்று கொண்டனை அணுப் பாதுகாப்பின் பலவீனமான கண்ணியெனக் குற்றஞ்சாட்டியது. 1951 இல் அவர் அப்பதவியை விட்டு நீங்கினார். பாசிசமும் அதன் பின் வந்த பனிப்போர்ச் சந்தேகமும் விஞ்ஞானிகளின் வாழ்வில் எங்ஙனம் தலையிட்டன என்பதற்கு இவ்விருவரின் வரலாறும் சான்றாகும்.

1961 இற் பானோ தமது பழைய கருத்தை விரிவாக்கி வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிப்படை நூலெனத் தக்கது. இரண்டே ஆண்டுகளில் பரிசோதனை அதனைத் தொடர்ந்தது. 1963 இல், அதே நியமங்கள் நிலையத்தில் மடென், கொட்லிங் ஆகியோர் சிங்குரோத்திரன் எனப்படும் இலத்திரன் முடுக்கி உமிழும் ஒளியைப் பயன்படுத்தி, ஈலியத்தின் இரு இலத்திரன்களும் ஒருங்கே கிளர்வுற்ற நிலையை ஏறத்தாழ 60 இலத்திரன்வோல்ற்றிற் கண்டனர். ஈலியத்திலிருந்து ஓர் இலத்திரனை நீக்க 24.6 இலத்திரன்வோல்ற்றே போதும். ஆதலால் அந்நிலை தன்னைத்தானே சிதைத்துக்கொள்ளப் போதுமான சக்தியை உடையது. அதன் வாழ்வு ஒரு செக்கனின் கோடி கோடியில் இரண்டு பங்கு அளவினது.

அதே ஆண்டில் வெஸ்ரிங்ஹவுஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் ஷூல்ஸ், ஈலிய வாயுவினூடாக இலத்திரன்களைச் செலுத்தியபோது 19.3 இலத்திரன்வோல்ற்றில் சிதறல் சடுதியாக மாறுபடுவதை அவதானித்தார். ஈலியம் மேலதிக இலத்திரனை நிலையாக ஏற்காத அணு. எனினும் வந்த இலத்திரன் அணுவைக் கிளர்வுறச் செய்து, கிளர்வுற்ற அவ்வணுவுடனேயே ஒட்டிக்கொள்கின்றது. இதன் அகலம் ஏறத்தாழ 0.011 இலத்திரன்வோல்ற்று; வாழ்வு ஒரு செக்கனின் கோடி கோடியில் ஆறு பங்கு. பரிவின் அகலம் கூடக் கூட வாழ்வு குறையும் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

நைதரசன் மூலக்கூறு பற்றிய ஆய்வு இதனினும் முக்கியமானது. ஏறத்தாழ 2.3 இலத்திரன்வோல்ற்றில் நைதரசன் ஓர் இலத்திரனைக் கணநேரம் பிடித்துக்கொள்கின்றது. அது வெளியேறும்போது மூலக்கூறு அதிர்வுற்ற நிலையில் விடப்படுகின்றது. 1964 இற் பட்டேல் உருவாக்கிய காபனீரொட்சைட்டு லேசரின் ஆற்றலைப் பெருக்கியது இந்நிகழ்ச்சியே. மின்னிறக்கத்தில் அதிர்வுற்ற நைதரசன் தன் சக்தியைக் காபனீரொட்சைட்டுக்கு வழங்குகின்றது. இவ்வாறு கணநேர நிலைகள் கைத்தொழிலுடனும் தொடர்புறலாயின. அவற்றைக் கணித்தறிய வேண்டிய தேவை இப்பின்னணியிலேயே எழுந்தது.

பெரிய கணனியும் பிழையான விடையும்

நிலையான நிலைகளைக் கணிப்பதற்கு மாறற்கோட்பாடு என்னும் உறுதியான வழிகாட்டி உண்டு. அலைச்சார்பு எவ்வாறிருக்கும் என ஊகித்து, அதன் சக்தியைக் கணித்து, அச்சக்தி மேலும் குறையுமாறு ஊகத்தைத் திருத்திக்கொண்டே செல்லலாம். தரை நிலையின் சக்திக்குக் கீழே கணிப்பு ஒருபோதும் செல்லாது. 1929 இல் ஹிலராஸ் ஈலியத்தின் தரை நிலையை வியத்தகு திருத்தத்துடன் கணித்தது இம்முறையினாலாகும். அவரிடம் இருந்தது மேசைக் கணிபொறி மாத்திரமே. இம்முறையிற் கணனி பெரிதாகுந்தோறும் விடை செம்மையுறும்.

பரிவு நிலையில் இவ்வுறுதி முற்றாகத் தலைகீழாகின்றது. நைதரசன் எதிரயனை எடுத்துக்கொள்வோம். கணிப்பிற் குறைந்த எண்ணிக்கையான அடிச்சார்புகளைப் பயன்படுத்தினால், அவை வேலிபோல நின்று இலத்திரனை வெளியேற விடாது தடுக்கும். பரிவு போன்றதொரு சக்தி கிடைக்கும். அடிச்சார்புகளைக் கூட்டினால் சக்தி குறையும். மேலும் கூட்டினால், இலத்திரன் மூலக்கூறைவிட்டு முற்றாக நீங்கிச் சுழிய சக்தியுடன் தொலைவில் நிற்கும் நிலையையே கணனி விடையாகத் தரும். அது குறைந்த சக்தியென்ற வகையிற் சரியான விடை. கேட்ட வினாவுக்கோ பிழையான விடை. இயந்திரம் பெரிதாகப் பெரிதாகத் தேடிய பொருள் கைநழுவிற்று. இங்கு குறைபாடு கணனியினுடையதன்று. நிலையானதற்கென வகுத்த வினாவை நிலையாததிடம் கேட்டதே குறைபாடாகும்.

இதற்கு மூன்று வழிகளில் தீர்வு தேடப்பட்டது. அணுக்கருப் பௌதிகவியலாளரான பெஷ்பாக் 1958 இலும் 1962 இலும் வெளியிட்ட கட்டுரைகளில், சிக்குண்ட பகுதியையும் வெளியேறும் பகுதியையும் எறியம் என்னும் கணிதச் செயலால் வேறாக்கி, பின்னர் அவற்றின் இணைப்பைக் கணித்தார். இது தெளிவான முறையாயினும், சிக்குண்ட பகுதி எது என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, 1970 இல் ஹாசி, ரெயிலர் ஆகியோர் விளக்கிய நிலைப்படுத்தல் முறை. அடிச்சார்புகளின் பரப்பைச் சிறிது சிறிதாக விரிக்கும்போது பெரும்பாலான சக்திகள் தொடர்ந்து நழுவிச் செல்லும். ஒரு சக்தி மட்டும் பெரிதும் அசையாது நிற்கும். அதுவே பரிவு. வேலியை எங்கு நகர்த்தினாலும் மாறாதிருப்பது வேலியால் விளைந்ததாக இருக்க முடியாது என்பதே இதன் தருக்கம். சாதாரண கணனி நிரல்களைக் கொண்டே செய்யத்தக்கதாகையால் இம்முறை இன்றும் கைவிடப்படவில்லை.

மூன்றாவது வழி கணிதவியலாரிடமிருந்து வந்தது. 1971 இல் அகிலார், கோம்ப் ஆகியோரும் பால்ஸ்லெவ், கோம்ப் ஆகியோரும் ஒரே சஞ்சிகையில் இரு கட்டுரைகளை வெளியிட்டனர். தூரம் என்னும் ஆள்கூற்றையே சிக்கற்றளத்தில் ஒரு கோணத்தினூடாகச் சுழற்றினால் யாது நிகழும் என்பதே அவர்கள் ஆராய்ந்த வினா. நிலையான நிலைகளின் சக்திகள் மாறா. இலத்திரன் வெளியேறும் தொடர்நிலைகள் மெய்யச்சிலிருந்து அக்கோணத்தின் இரு மடங்கினாற் கீழ்நோக்கிச் சுழலும். அவ்வாறு சுழலும்போது, அவற்றின் பின்னால் மறைந்திருந்த பரிவுகள் தனித்த புள்ளிகளாக வெளிப்படும். வெளியே பெருகிய காமோவின் சார்பும் இச்சுழற்சியின் பின் தேய்ந்தடங்கும் சார்பாகிவிடுகின்றது. ஏனைய நிலைகளைப் போலவே அதனையும் தாயங்களின் துணையோடு கணிக்கலாம். பரி சைமன் இக்கோட்பாட்டை மேலும் வளர்த்தார். 43 ஆண்டுகளாகப் பயன்மிக்க உபாயமாக மட்டும் கருதப்பட்ட சிக்கற்சக்தி இவ்வாறு கணித உரிமை பெற்றது.

1974 இல் டூலன், நட்டல், ஸ்டகற் ஆகியோர் இம்முறையால் இலத்திரன்-ஐதரசன் மோதலின் பரிவைக் கணித்தனர். அது ஏறத்தாழ 9.56 இலத்திரன்வோல்ற்றிற் காணப்படுவது. அகலம் ஏறத்தாழ 0.047. ஒரே கணிப்பிலிருந்து மெய்ப்பகுதியாக இடமும், கற்பனைப் பகுதியாக ஆயுளும் கிடைத்தன. கணிதத்திற் கற்பனை எனப் பெயரிடப்பட்ட பகுதியே இயற்கையில் அழிவின் வேகத்தை அளவிடும் மெய்யான கணியமாயிற்று.

அணுவிலிருந்து மூலக்கூறுக்கு

ஆயின் இச்சுழற்சி மூலக்கூறுகளுக்கு நேரடியாகப் பொருந்தவில்லை. அணுவில் மையம் ஒன்று. அதனைச் சுற்றி ஆள்கூற்றைச் சுழற்றலாம். மூலக்கூறில் நிலையாக வைக்கப்பட்ட கருக்கள் பல. ஒன்றைச் சுற்றிச் சுழற்றினால் மற்றையதன் கவர்ச்சி கணித ஒழுங்கை இழக்கின்றது. 1978 இல் மக்கேர்டி, றெஸ்கினோ ஆகியோர் அடிச்சார்புகளையே சிக்கற்சார்புகளாக்கி இத்தடையைக் கடந்தனர். 1979 இற் சைமன், கருக்கள் அமைந்த உட்பகுதியைத் தொடாது, அதற்கு வெளியே மட்டும் ஆள்கூற்றைச் சுழற்றலாம் எனக் காட்டினார். அக்காலப்பகுதியிலேயே மொய்செயெவும் அவருடன் பணியாற்றியோரும் இத்தகைய கணிப்புகளுக்குரிய பொறிமுறையைத் தனியொரு கோட்பாடாக வளர்க்கத் தொடங்கினர்.

எளிமையான மாற்றுவழியொன்றும் தோன்றிற்று. மூலக்கூறைச் சூழ்ந்து சற்றுத் தொலைவில், வெளியேறும் இலத்திரனை உறிஞ்சும் ஒரு கற்பனை அழுத்தத்தை இடுவதே அது. 1985 இல் ஜொலிகார், ஓஸ்ரின் ஆகியோர் இதனை முன்வைத்தனர். 1993 இல் ஹைடல்பேர்க்கில் றிஸ், மேயர் ஆகியோர் அதன் கணித அடிப்படையை விளக்கினர். முன்பிருந்த வேலி இலத்திரனைத் தடுத்து மீளச் செலுத்தியது. இவ்வுறிஞ்சும் எல்லையோ அதனைப் போகவிடுகின்றது; போனதைக் கணக்கிலும் வைத்துக்கொள்கின்றது. 2005 இற் பூனாவிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சௌரவ் பாலும் அவரது கூட்டாளிகளும் இம்முறையை இணைந்த கொத்து முறையுடன் சேர்த்து நைதரசன் பரிவைக் கணித்தனர். அதன் பின் கலிபோர்னியாவிற் கிறிலோவ் குழுவினரும் பிறரும் இவற்றைப் பொதுப் பயன்பாட்டுக்குரிய கணனி நிரல்களாக்கினர்.

உயிரணுவின் வாயிலில்

இவ்வாய்வுகளின் சமூக முக்கியத்துவம் 2000 ஆம் ஆண்டிற் பரவலாக உணரப்பட்டது. அவ்வாண்டில் கனடாவின் ஷேர்புறூக் பல்கலைக்கழகத்திற் சன்ஷின் குழுவினர், 3 முதல் 20 வரையிலான இலத்திரன்வோல்ற்றுச் சக்தியுடைய இலத்திரன்கள் பரம்பரை மூலக்கூறாகிய டீ.என்.ஏ. இன் இழைகளை அறுப்பதைக் காட்டினர். அயனாக்கத்துக்குப் போதாத சக்தியுடைய இலத்திரன் தீங்கற்றது என்னும் எண்ணம் இதனாற் தகர்ந்தது. கதிர்வீச்சு உடலினுட் செல்லும்போது இத்தகைய தாழ்சக்தி இலத்திரன்களைப் பெருந்தொகையில் உண்டாக்குகின்றது. அவை மூலக்கூறிற் கணநேரம் சிக்குண்டு பரிவு நிலையொன்றைத் தோற்றுவிக்கின்றன. அந்நிலை சிதையும்போது பிணைப்பு அறுகின்றது. புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சையையும், கதிர்வீச்சுக்கு உள்ளாகும் தொழிலாளரின் பாதுகாப்பையும் பற்றிச் சிந்திப்போர் இதனைப் புறக்கணித்தல் இயலாது.

கணிப்பின் எல்லையும் இவ்விடத்திலேயே வெளிப்படுகின்றது. ஆர்.என்.ஏ. இன் உறுப்பாகிய யுராசிலின் எதிரயன் நிலைகள் 0.22, 1.58, 3.83 இலத்திரன்வோல்ற்றில் உள்ளன என்பது 1998 இல் வெளியான அளவீடு. அதன்பின் செய்யப்பட்ட கணிப்புகள் பலவும் இவற்றைவிட உயர்ந்த பெறுமானங்களையே தந்துள்ளன. உறிஞ்சும் எல்லையை எங்கு வைப்பது, எவ்வளவு வலிதாக்குவது என்பன இன்னமும் ஆய்வாளரின் தேர்வுக்கு உட்பட்டவை. எனவே கணனி அச்சிட்டுத் தரும் எண்ணை அது பெறப்பட்ட நிபந்தனைகளோடு சேர்த்தே வாசித்தல் வேண்டும். மறுபுறத்தில், 1997 இற் செடர்பவும் குழுவினர், கிளர்வுற்ற மூலக்கூறொன்று தன் மேலதிக சக்தியை அயல் மூலக்கூறுக்கு வழங்கி அதிலிருந்து இலத்திரனை வெளியேற்றலாம் எனக் கணிப்பினால் எதிர்வுகூறினர். 2003 இல் நியோன் அணுக்கொத்துகளிற் பரிசோதனை அதனை உறுதிப்படுத்தியது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. கணநேர நிலைகளைக் கணித்தறிந்த வரலாறு இயந்திரத்தின் வெற்றி மாத்திரமன்று. 1928 இல் நடைமுறைத் தேவையால் உதித்த எண்ணக்கரு கணித மரபின் தடையை எதிர்கொண்டது. 1960 களிற் பரிசோதனை அதன் தேவையை மீண்டும் வலியுறுத்தியது. 1971 இற் கணிதம் தன் வரையறையை விரிவாக்கிக்கொண்டது. அதன் பின்னரே கணனியின் ஆற்றல் பயன் தந்தது. இவ்வரிசை தற்செயலானதன்று. வினா சரியாக வகுக்கப்படாதவரை, பெரிய இயந்திரம் பிழையான விடையையே விரைந்து தந்தது.

விலையுயர்ந்த கணனிகளைப் பெற இயலாத நாடுகளின் பல்கலைக்கழகங்களுக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. இயந்திரப் பற்றாக்குறை மெய்யான தடையே, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் இத்துறையின் திருப்புமுனையான கட்டுரைகள் தாளிலும் கரும்பலகையிலும் பிறந்தவை. மாறாதிருப்பதே மெய், மாறுவது வெறும் தோற்றம் என்னும் பழைய மனப்பாங்கை அவை கைவிட்டன. ஒரு பொருள் எவ்வளவு காலம் நிலைக்கிறது என்பதும், எவ்வாறு அழிகிறது என்பதும் அப்பொருளின் இயல்பைச் சேர்ந்தவையே என அவை ஏற்றுக்கொண்டன. அவ்வகையில், சக்தியின் கற்பனைப் பகுதியாகக் காமோவ் எழுதிய அச்சிறு எண், மாற்றத்தைப் புறநடையாக அன்றி இயற்கையின் பொது விதியாகக் கருதும் சிந்தனைக்குக் கிடைத்த கணித வடிவங்களுள் ஒன்று எனக் கொள்ளுதல் பொருந்தும்.